கற்சிலைமடுக் கல்லும் அங்கே நடித்துக்காட்டப்போகும் போரும்

ஒட்டுசுட்டான் வாத்தியார்:

ஒக்ரோபர் மாதம் நெருங்கும்போதெல்லாம், 1803இல் பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்ட வன்னித் தலைவன் பண்டாரவன்னியனின் கற்சிலைமடுக் கல்லைப் பார்க்க எப்படி வரலாம், அங்கே என்ன இருக்கிறது, பிள்ளைகளை அழைத்து வந்தால் எதைச் சொல்லிக் காட்டலாம் என்று வெளியூர்களிலிருந்து பலர் கேட்கிறார்கள். இவ்வருடம் எங்கள் பக்கத்து இளைஞர்கள், பாடசாலைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, அந்தப் போரை அவ்விடத்திலேயே நடித்துக்காட்ட விரும்புகிறார்கள்; அதை ஆண்டுதோறும் தொடரவேண்டும் என்பதும் அவர்களின் எண்ணம். இரண்டையும் ஒரே இழையில் பேசுவது நல்லது. அங்கே வருபவர் எதை அறிந்துகொண்டு திரும்பவேண்டும் என்று முடிவுசெய்யாமல், எதை நடிப்பது என்று முடிவுசெய்ய முடியாது.

முதலில் வழியைச் சொல்கிறேன். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வருபவர்கள் மாங்குளத்தில் இறங்கி, ஏ34 வீதியால் முல்லைத்தீவுக்குப் போகும் பேருந்தில் ஏறவேண்டும். ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு ஆகிய ஊர்களைக் கடந்த பின்னர், ஒட்டுசுட்டானுக்குச் சற்று முன்னர் கற்சிலைமடு வரும். வவுனியாவிலிருந்து வருபவர்கள் புளியங்குளம், நெடுங்கேணி வழியாகவும் ஒட்டுசுட்டானை அடையலாம். அங்கே கோட்டையோ அருங்காட்சியகமோ இல்லை. ஒரு கல்லும் அதைச் சூழ்ந்த சிறு வளவுமே இருக்கின்றன. பழைய கல் 2009இல் முடிந்த உள்நாட்டுப் போருக்குப் பின்னர் உடைக்கப்பட்டது. இன்று காண்பது பின்னர் மீள அமைக்கப்பட்ட நினைவிடம். பெரிய காட்சியை எதிர்பார்த்து வருபவர்கள் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவார்கள். 1803ஆம் ஆண்டைப் பற்றி ஓரளவு அறிந்து வருபவர்களுக்கோ அரை நாளும் போதாது.

அறியவேண்டியவை இவை. வன்னியைப் பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி முதலிய பற்றுகளாகப் பிரித்து வன்னிபங்கள் என்னும் குறுநிலத் தலைவர்கள் ஆண்டார்கள். ஒல்லாந்தர் அவர்களிடம் யானைகளைத் திறையாகக் கேட்டார்கள். வன்னிபங்கள் கொடுத்தும் கொடாமலும் காலத்தைக் கடத்தினார்கள். 1782இல் தோமஸ் நாகல் என்னும் ஒல்லாந்த அதிகாரி படையோடு வந்து அந்த ஆட்சியை முறித்தான். 1795, 1796ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தரின் இடங்கள் பிரித்தானியரிடம் விழுந்தன. முல்லைத்தீவும் அவ்வாறே கைமாறியது. 1803இன் தொடக்கத்தில் ஆளுநர் நோர்த் கண்டிமீது படையெடுத்துத் தலைநகரைப் பிடித்தார். ஆனால் அங்கே விட்டுச்சென்ற காவற்படை, மேஜர் டேவியின் தலைமையில், யூன் மாதத்தில் சரணடைந்து அழிந்தது. அதன் பின்னர் பிரித்தானியரின் கோட்டைகள் தீவெங்கும் தாக்கப்பட்ட வேளையில், கண்டியோடு தொடர்பு கொண்டிருந்த பண்டாரவன்னியன், ஓகஸ்ற் 25ஆந் திகதி முல்லைத்தீவுக் கோட்டைமீது பாய்ந்து, கப்டன் வொன் டிரிபேர்க்கின் காவற்படையை அங்கிருந்து விரட்டினான். அவனுடைய ஆட்கள் ஒரு கட்டத்தில் ஆனையிறவு வரையும் சென்றதாக ஆங்கிலேயரே எழுதியிருக்கிறார்கள்.

அதே டிரிபேர்க் இரண்டு மாதங்களின் பின்னர் திரும்பி வந்தான். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று பக்கங்களிலிருந்தும் படைகள் வன்னிக்குள் நகர்த்தப்பட்டன. ஒக்ரோபர் 31ஆந் திகதி, எதிர்பாராத வேளையில், கற்சிலைமடுவில் வன்னியனின் ஆட்கள் சிதறடிக்கப்பட்டார்கள். கல் சொல்வது இதை மட்டுந்தான்: இந்தச் சுற்றுவட்டாரத்தில் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான், 1803 ஒக்ரோபர் 31. வென்றவர்கள் ஆங்கிலத்தில் வெட்டி நாட்டிய கல்லை, தோற்றவனின் மக்கள் தங்களுடைய நினைவிடமாக ஆக்கிக்கொண்டார்கள். எனக்கு இந்த இடத்தின் பெருமையே அதுதான். உங்கள் கருத்துகளைத் தயவுசெய்து எழுதுங்கள்.

வவுனியா ஆசிரியை:

ஐயா, வணக்கம். எங்கள் பாடசாலையிலிருந்து தரம் 9, 10 மாணவர்களை அழைத்து வர எண்ணியிருப்பதால் இந்த இழை எனக்கு மிகவும் பயன்படுகிறது. எங்கள் பிள்ளைகள் பண்டாரவன்னியனை அறிந்திருப்பது வவுனியாக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால் நிற்கும் சிலை வழியாகத்தான். வருடந்தோறும் அதற்கு மாலை அணிவிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். கற்சிலைமடு என்றவுடன் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, அவன் இறந்த இடம் அதுதானா என்பது. நாங்கள் சிறுவயதில் பார்த்த மேடை நாடகங்களில் அவன் அங்கேயே வீழ்ந்தான். காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்தான். அவனுடைய காதலி குருவிச்சி நாச்சியார் நஞ்சுண்டு மாண்டாள். நீங்கள் எழுதியதில் இவற்றுள் ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு நான் எதைச் சொல்வது? ஓகஸ்ற் 25இல் அழைத்து வருவதா, ஒக்ரோபர் 31இல் அழைத்து வருவதா என்பதையும் தெரிவித்தால் நன்று.

ஒட்டுசுட்டான் வாத்தியார்:

ஆசிரியைக்கு நன்றி. இந்த இழையில் பேசவேண்டிய மையமான விடயத்தையே நீங்கள் தொட்டுவிட்டீர்கள்.

கல்லில் உள்ளது தோல்வி. சாவு அங்கே எழுதப்படவில்லை. 1803க்குப் பின்னரும் பண்டாரவன்னியன் பல ஆண்டுகள் உயிரோடு இருந்து பிரித்தானியருக்குத் தொல்லை கொடுத்தான் என்பது அவர்களுடைய குறிப்புகளிலிருந்தே தெரிகிறது. ஆகவே ஒக்ரோபர் 31ஐ அவனுடைய இறந்த நாள் என்று சொல்லிச் சுடரேற்றுவது, அவன் தோற்ற பின்னரும் விடாது நின்ற காலத்தை அவனிடமிருந்து பறிப்பதாகும். நாடகம் எழுதியவர்களைக் குறை கூறவில்லை. மேடையில் ஒரு கதைக்கு முடிவு வேண்டும். வீரன் போர்க்களத்தில் வீழ்வதைவிடப் பொருத்தமான முடிவு மேடைக்கு இல்லை. ஆனால், அந்த முடிவை அது நிகழாத இடத்திலேயே வைத்து, அந்தக் கல்லுக்கு அருகிலேயே நடித்துக்காட்டினால், பார்ப்பவர்கள் அதை வரலாறாகவே எடுத்துச் செல்வார்கள்.

கோட்டையை வென்ற ஓகஸ்ற் 25ஐயே முதன்மையாகக் கொண்டாடவேண்டும் என்ற கருத்தும் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது; அது நியாயமானது, அந்நாளில் விழாக்களும் நடக்கின்றன. ஆனால் அந்நாளுக்குரிய இடம் முல்லைத்தீவு நகரம். கோட்டை இதுதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க சுவர் எதுவும் இன்று அங்கே இல்லை. கடற்கரையில் நின்று, இவ்விடத்தில் இருந்தது என்று சொல்லலாம். கற்சிலைமடுவுக்குரியது ஒக்ரோபர் 31. முடியுமானால் காலையில் முல்லைத்தீவுக் கரையில் தொடங்கி, முள்ளியவளை வழியாகத் திரும்பிக் கற்சிலைமடுவில் முடியுங்கள். வெற்றியையும் தோல்வியையும் நடந்த வரிசையிலேயே பிள்ளைகள் அறிவார்கள்.

பருவத்தையும் கவனியுங்கள். ஓகஸ்ற் கடைசியில் சிறுபோக அறுவடை முடிந்து, சோளகக் காற்றில் புழுதி பறக்கும். நிலம் காய்ந்து கிடக்கும், நடப்பது எளிது. ஒக்ரோபர் கடைசியில் மாரி தொடங்கிவிடும். காலபோக விதைப்பு நடக்கும், வீதியோரம் சேறாக இருக்கும். டிரிபேர்க்கின் படை நடந்ததும் அந்தப் பருவத்தில்தான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால், அவர்கள் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்துத் தாங்களே புரிந்துகொள்வார்கள்.

காக்கை வன்னியன் பற்றிய கேள்விக்கு என்னைவிடத் தகுதியானவர் இங்கே இருக்கிறார். முள்ளியவளை மத்தளம் ஐயா எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முள்ளியவளை மத்தளம்:

வாத்தியார் அழைத்ததால் எழுதுகிறேன். நான் எழுத்து வேலை செய்பவன் அல்லன். எங்கள் பரம்பரையில் கூத்துக்கு மத்தளம் அடித்தவர்கள் இருந்தார்கள், நானும் அடிக்கிறேன். வைகாசிப் பொங்கற் காலத்தில் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு வருபவர்கள் முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வட்டக்களரியில், சபையோர் சுற்றிவர இருக்க, விடியும்வரை ஆடப்படும் கூத்து அது. எங்கள் ஆட்டமுறைக்கு முல்லை மோடி என்று பெயர்.

காக்கை வன்னியனை நீக்கிவிடலாம் என்று வாத்தியார் நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கமே அவருடைய எண்ணம் சாய்வதாக எனக்குத் தோன்றுகிறது. அதை நான் மறுக்கிறேன். பண்டாரவன்னியனின் தங்கையை அவன் விரும்பினான், மறுக்கப்பட்டான், அவமானம் தாங்காமல் வெள்ளைக்காரனிடம் போய்ச் சேர்ந்தான் என்பது எங்கள் ஆச்சிமார் சொன்ன கதை. ஆங்கிலேயரின் குறிப்பில் இல்லை என்பதற்காக அதை எறிந்துவிட்டால், வன்னி மக்கள் தங்களுடைய தோல்விக்குத் தாங்களே சொல்லிக்கொண்ட காரணத்தை எறிந்துவிடுகிறோம். பீரங்கியாலும் துப்பாக்கியாலும் தோற்றோம் என்பதோடு எங்கள் முன்னோரின் மனம் ஆறவில்லை. எங்களுக்குள்ளேயே ஒருவன் பிரிந்தான் என்பதுதான் அவர்களை உறுத்தியது. அந்த உறுத்தலும் அறியவேண்டிய ஒன்றுதான்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். களரியில் கதையையும் நடந்ததையும் பிரித்துக்காட்ட எங்களிடம் ஏற்கனவே வழி இருக்கிறது. கூத்தை அறிமுகப்படுத்தும் கட்டியகாரன் வந்து, இனி வருவது ஊரார் சொல்லும் கதை என்று விருத்தமாகப் பாடிவிட்டால் போதும், சபையோர் புரிந்துகொள்வார்கள். அவன் வாயிலேயே தேதியையும் வைக்கலாம், கல்லில் உள்ள செய்தியையும் வைக்கலாம்.

போரை எப்படி ஆடுவது என்பது அடுத்த விடயம். இளைஞர்கள் மரத்துப்பாக்கி செய்து, சீனவெடி கொளுத்தி, தகரத்தில் வாள் வெட்டி ஆயத்தம் செய்வதாகக் கேள்விப்பட்டேன். கூத்தில் நாங்கள் அப்படிச் செய்வதில்லை. இரண்டு பக்கத்தாரும் தர்க்கப் பாட்டாகப் பாடி எதிரெதிரே வருவார்கள், மத்தளம் விரையும், ஆட்டம் சுழலும், ஒருவன் கால் தளர்ந்தால் சபையோருக்கு அவன் தோற்றான் என்பது தெரிந்துவிடும். ஒரு துளி இரத்தமும் ஓரொலி வெடியும் இல்லாமல், பார்ப்பவர்கள் அழுவதை நான் பார்த்திருக்கிறேன். முல்லைத்தீவுத் தாக்குதலையும் கற்சிலைமடுத் தாக்குதலையும் அடுத்தடுத்த இரண்டு தாளக்கட்டுகளில் அமைக்கலாம். முதலாவது வேகமாக எழுந்து வெற்றியில் நிற்கட்டும். இரண்டாவது நடுவிலே முறியட்டும். மங்களம் பாடாமல் நிறுத்தவேண்டும் என்பதே என் விருப்பம், ஏனென்றால் அவன் அன்று சாகவில்லை.

ஸ்காபரோவில் ஒரு கற்சிலைமடுவான்:

மத்தளம் ஐயாவின் எழுத்தைப் படித்து மகிழ்ந்தேன். இருந்தாலும், இளைஞர்களின் பக்கத்தையும் ஒருவர் பேசவேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கனடாவில் நான் வாழும் நகரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரத்துக்கு மேலான ஓட்டத்தில், ஹமில்டன் நகரின் ஒரு பகுதியாக ஸ்டோனி கிறீக் இருக்கிறது. அங்கே ஒரு சிறிய போர்க்களப் பூங்கா உண்டு. பிரித்தானியருக்கும் அமெரிக்கருக்கும் 1812இல் மூண்ட போரின்போது, 1813 யூன் 6ஆந் திகதி விடியுமுன், ஏறத்தாழ 700 பிரித்தானிய வீரர்கள், தங்களைப் போலப் பலமடங்கு பெரிய அமெரிக்கப் பாளையத்தை இருளில் தாக்கி, வின்டர், சான்ட்லர் என்னும் இரண்டு தளபதிகளையும் சிறைப்பிடித்தார்கள். பாளையம் இருந்தது கேஜ் என்னும் குடும்பத்தின் தோட்டத்தில்; அவர்களுடைய வீடு இன்றும் நிற்கிறது. 1899இல் அந்த வீட்டை வாங்கி அழியாமற் காத்தவர்கள் அவ்வூர்ப் பெண்களின் வரலாற்றுச் சங்கத்தினர். 1913இல் நூற்றாண்டு நினைவாக ஒரு கற்கோபுரமும் கட்டப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் யூன் மாதத்தில் அந்தப் போரை அங்கே நடித்துக்காட்டுகிறார்கள்.

என் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனேன். போர் நடிப்பு நடந்த நேரம் குறைவு. நாங்கள் அதிகம் நின்றது பாளையத்தில். வெள்ளைத் துணிக் கூடாரங்கள், விறகடுப்பில் இரும்புச் சட்டியில் சமைக்கும் பெண்கள், அக்காலத்து மருத்துவன் ஒருவன் தன் கருவிகளை விரித்துவைத்துச் சொல்லும் விளக்கம், சுடுகலத்துக்கு மருந்து இடும் முறையை ஒவ்வொரு படியாகக் காட்டும் வீரர்கள் என்று எல்லாம் இருந்தன. குண்டு போடாமல் மருந்தை மட்டும் வைத்துச் சுடுகிறார்கள். எதைக் கேட்டாலும் நின்று பதில் சொல்கிறார்கள். அமெரிக்க உடை அணிந்தவர்களும் பிரித்தானிய உடை அணிந்தவர்களும் நடிப்பு முடிந்தவுடன் ஒரே மரநிழலில் இருந்து தண்ணீர் குடித்தார்கள். வீதிக்கு அப்பால் ஸ்மித்ஸ் நோல் என்னும் சிறு மேடு இருக்கிறது. அங்கே கிடைத்த, அன்று வீழ்ந்த வீரர்களின் எலும்புகள் அந்த மேட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நேரில் கண்ட பொருள் பிள்ளைகளின் அறிவில் நிலைக்கும் அளவுக்குப் பாட்டு நிலைப்பதில்லை. அக்காலத்துத் துப்பாக்கி ஒருமுறை சுட்டபின் மீண்டும் சுட எவ்வளவு நேரம் எடுக்கும், மழையில் மருந்து நனைந்தால் என்ன நடக்கும், வன்னியனின் ஆட்கள் வில்லும் வேலும் கொண்டு அந்த இடைவெளிக்குள் எப்படிப் பாய்ந்திருக்கலாம் என்பவற்றைக் கூத்தில் காட்ட முடியுமா? எங்கள் ஊர் இளைஞர்கள் வெடி கேட்பது விளையாட்டுக்காக அல்ல. உண்மையாகக் காட்டவேண்டும் என்பதற்காகவே கேட்கிறார்கள். செலவு தடையாக இருந்தால், இங்குள்ள எங்கள் ஊரவர் சேர்ந்து ஏற்றுக்கொள்வோம்.

புதுக்குடியிருப்பில் ஒரு தாய்:

ஸ்காபரோத் தம்பிக்கு. உங்கள் எண்ணம் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. பணம் தருவதாகச் சொன்னதற்கும் நன்றி. ஆனால் நீங்கள் சொன்ன பூங்காவைச் சுற்றி வாழும் மக்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. எங்களுக்கு அப்படியல்ல.

கற்சிலைமடுவுக்கு அன்று வரப்போகிறவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். முன்வரிசையில் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய தாய்மாரும் அம்மம்மாமாரும் இருப்பார்கள். 2009இல் இந்த வீதிகளால் மூட்டை முடிச்சுகளோடு நடந்தவர்கள் அவர்கள். பதுங்குகுழிக்குள் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு இருந்தவர்கள். கோயில் திருவிழாவில் வாணம் விடும்போது, இன்ன நேரத்துக்கு விடுவார்கள் என்று தெரிந்தும், எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிற பெண்களை எனக்குத் தெரியும். சீருடை போன்ற உடை அணிந்தவர்கள் பற்றைக்குள்ளிருந்து திடீரென்று எழுந்து சுடுவதுபோல நடித்தால், அவர்களுக்கு அது 1803 ஆகத் தோன்றாது. எதிர்பாராத தாக்குதல் என்று வாத்தியார் எழுதியிருக்கிறார். அந்த எதிர்பாராமையைத்தான் நீங்கள் நடித்துக்காட்டக் கூடாது என்று கேட்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது. இங்கே பிள்ளைகளுக்கு நாங்கள் ஓயாமல் சொல்லிக்கொடுத்தது, நிலத்தில் கிடக்கும் இரும்பைத் தொடாதே, சிவப்புப் பலகை உள்ள காணிக்குள் இறங்காதே என்பதை. கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியில் எத்தனை ஆண்டுகளாக நடந்து வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். மரத்துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டோரமாக ஓடிவருவது போன்ற காட்சியை அமைத்தால், ஒத்திகைக் காலத்தில் பிள்ளைகள் எங்கெங்கே ஓடுவார்கள் என்பதை யார் பார்ப்பது? நடிப்பது எதுவானாலும் வளவுக்குள்ளேயும் துப்புரவான பாதையிலும் மட்டுமே நடக்கவேண்டும். வருபவர்களும் கல்லைப் பார்த்த பின்னர் காட்டுக்குள் இறங்கிப் படம் எடுக்கக் கூடாது. மாலையில் யானை வரும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

நடிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோற்றவர்களின் கதையைத் தோற்றவர்கள் தாங்களே சொல்வதை என் பிள்ளைகள் பார்க்கவேண்டும் என்பதே என் விருப்பமும். பாளையத்தைப் பற்றித் தம்பி எழுதியதை மிகவும் விரும்பினேன். சமையல் அடுப்பும் மருந்துப் பெட்டியும் இங்கேயும் இருக்கட்டும். வன்னியன் காலத்துப் பெண்கள் என்ன சமைத்தார்கள், படை வருகிறது என்று கேட்டவுடன் எதைத் தூக்கிக்கொண்டு எங்கே போயிருப்பார்கள் என்று காட்ட நாங்கள் வருவோம். குரக்கன் மாவும் உரலும் திருகைக்கல்லும் எங்கள் வீடுகளிலேயே இருக்கின்றன.

முள்ளியவளை மத்தளம்:

அம்மா எழுதியதற்குப் பின்னர் வெடியைப் பற்றி நான் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. தம்பியின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். துப்பாக்கி மீண்டும் சுட எடுக்கும் நேரத்தை மத்தளத்தில் காட்டலாம். மருந்து இடுவது, கோலால் இடிப்பது, குறிபார்ப்பது, சுடுவது என்று நாலு அடியாக ஒரு கட்டு அமைத்தால், நாலாவது அடியில் முழு ஒலியும் விழும். அந்த நாலாவது அடிக்கு முன்னர் வேல்காரர் பாயவேண்டும். பாய்ந்தால் முல்லைத்தீவு, பாய முடியாமல் அடி விழுந்தால் கற்சிலைமடு. ஒரே கட்டை இரண்டு களத்துக்கும் அடிக்கலாம். சிறுவர்கள் ஒரு மாலைக்குள் இதைப் பிடித்துக்கொள்வார்கள். சபையோரும் இரண்டாந் தரம் கேட்கும்போது தாமாகவே எண்ணத் தொடங்குவார்கள்.

ஸ்காபரோவில் ஒரு கற்சிலைமடுவான்:

அக்கா எழுதியதைப் பலமுறை படித்தேன். நான் 1990களின் தொடக்கத்தில் ஊரைவிட்டு வந்தவன். 2009ஐத் தொலைக்காட்சியில் பார்த்தவன். வெடி வேண்டாம் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். மத்தளம் ஐயா சொன்ன நாலடிக் கட்டு நான் கேட்டதற்கு மேலானது. பணத்தை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று வாத்தியார் சொல்லட்டும். கல்லில் உள்ளது ஆங்கிலேயரின் ஒரு வரி. அதற்கு அருகே, 1782 முதல் நடந்ததைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லும் பலகை ஒன்றை வைக்க முடியுமா?

ஒட்டுசுட்டான் வாத்தியார்:

எல்லாருடைய எழுத்தையும் இளைஞர்களுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்களுள் இருவர் முதலில் மனம் சுருங்கினார்கள். அம்மாவின் இடுகையை வாசித்து முடித்தபோது அவர்களே சீனவெடிப் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அதற்குப் பின்னர் பேசி உடன்பட்டவற்றை எழுதுகிறேன்.

நடிப்பு வளவுக்குள் வட்டக்களரியாக நடக்கும். கட்டியகாரன் தேதிகளோடு வருவான். முதற் பகுதியில் நாகலின் வருகையையும் திறையாக யானை கேட்டதையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாவிட்டால், பண்டாரவன்னியன் ஏன் எழுந்தான் என்பது விளங்காது. அவனுடைய பகை ஒரு கப்டனோடு தொடங்கியதல்ல. இரண்டாம் பகுதி முல்லைத்தீவு. மூன்றாம் பகுதி கற்சிலைமடு. இரண்டுக்கும் இடையே காக்கை வன்னியன் வருவான், ஊரார் கதை என்ற அறிவிப்போடு. இதில் மத்தளம் ஐயாவின் வாதத்தை நான் ஏற்கிறேன்.

ஒரு விடயத்தை மட்டும் நான் வற்புறுத்துகிறேன். எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாரையும் வெள்ளை மா பூசிய முகங்களாகக் காட்டக் கூடாது. அன்றைய இலங்கையில் பிரித்தானியருக்காகப் போரிட்டவர்களில் மலாய் வீரரும் இந்தியாவிலிருந்து வந்த சிப்பாய்களும் ஏராளம். மேஜர் டேவியின் படையிலும் மலாயர் இருந்தார்கள். அதுபோலவே வன்னியனின் பக்கத்தில் கண்டியின் துணை இருந்ததையும் மறைக்கக் கூடாது. சிங்கள அரசனாகக் கருதப்பட்ட கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழிவந்தவன். அவனுடைய போரும் வன்னியின் போரும் அந்த ஆண்டில் ஒன்றையொன்று தாங்கின. இன்றைய பிரிவுகளை அப்படியே 1803இன்மீது போர்த்தினால், பிள்ளைகள் இன்றையதைத்தான் பார்ப்பார்கள். அன்றையது அவர்களுக்குக் கிடைக்காது. தென்பகுதியிலிருந்து வரும் பயணிகளும் இந்த வீதியால் போகிறார்கள். அவர்களும் நின்று பார்க்கத்தக்கதாக இது இருக்கட்டும்.

முடிவில் டிரிபேர்க்கின் கல்லை ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் வாசிக்கும். இன்னொரு பிள்ளை தமிழில் சொல்லும். அதன் பின்னர் கட்டியகாரன், இதற்குப் பின்னரும் வன்னியன் காடுகளில் இருந்தான், பிரித்தானியர் அவனைத் தேடிக்கொண்டே இருந்தார்கள் என்று சொல்லி நிறுத்துவான். மங்களம் இல்லை. கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் பெயரைத் தாங்கிய பாடசாலை இருக்கிறது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்லும் பொறுப்பு அந்தப் பிள்ளைகளுக்கே முதலில் கிடைக்கவேண்டும் என்பதால், வாசிப்பவர்கள் அவர்களுள் இருவராக இருப்பது பொருத்தம்.

பலகையைப் பொறுத்தவரை, தம்பியின் யோசனை மிக நல்லது. ஆனால் நினைவிடத்தில் எதை நாட்டுவதானாலும் பிரதேச சபையிடமும் பிரதேச செயலகத்திடமும் எழுத்தில் அனுமதி பெறவேண்டும். பொலிஸாருக்கும் நிகழ்ச்சியைப் பற்றி முன்னரே அறிவிக்கவேண்டும். அனுமதி கிடைக்கும்வரை, அதே செய்தியை மும்மொழியிலும் அச்சிட்ட தாளாக வருபவர்களுக்குக் கொடுக்கலாம். பணத்தை முதலில் அதற்கும், பாளையத்துக்கு வேண்டிய துணிக்கும், இரண்டு புதிய சோடி சதங்கைக்கும் செலவிடுவோம். ஒவ்வொரு சதமும் இந்த இழையிலேயே கணக்காக எழுதப்படும்.

வவுனியா ஆசிரியை:

மிக்க நன்றி, ஐயா. மாணவர்களோடு காலையில் முல்லைத்தீவுக் கரைக்குப் போய், அங்கிருந்து மதியத்துக்கு முன்னர் கற்சிலைமடுவுக்கு வருவோம். வளவில் நிழலும் தண்ணீரும் உண்டா? மழை பெய்தால் எங்கே ஒதுங்குவது? பிள்ளைகள் பாளையத்தில் வேலை செய்யலாமா, அல்லது பார்வையாளராக மட்டும் இருக்கவேண்டுமா?

புதுக்குடியிருப்பில் ஒரு தாய்:

ஆசிரியை, தண்ணீரைப் போத்தல்களில் நீங்களே கொண்டு வாருங்கள். வளவில் அத்தனை பேருக்குப் போதாது. சோற்றுப் பார்சலுக்கு ஒட்டுசுட்டான் சந்தியில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கட்டி வைப்பார்கள். மழை வந்தால் பேருந்திலேயே இருங்கள், அல்லது தான்தோன்றீஸ்வரர் கோயில் மண்டபத்தில் கேட்டு ஒதுங்கலாம். நாங்கள் அங்கே முன்னரே சொல்லி வைக்கிறோம். பிள்ளைகள் கட்டாயம் வேலை செய்யவேண்டும். உரல் இரண்டு, திருகைக்கல் ஒன்று கொண்டு வருகிறோம். குரக்கன் திரிக்க ஆள் வேண்டும்.

முள்ளியவளை மத்தளம்:

நாலடிக் கட்டுக்கு உங்கள் மாணவர்களில் பத்துப் பேர் கைதட்டினால் களரி நிறையும். கட்டை ஒலிப்பதிவாக அனுப்புகிறேன். வருமுன்னர் பழகிக்கொண்டு வாருங்கள். நாலாவது அடியில் எல்லாரும் ஒன்றாகத் தட்டவேண்டும்.